வேட்டையில் ‘நானே’ என்னும் சொல்

வீடு கட்டிய ஒருவர், “இது நான் கட்டிய வீடு” என்று சொன்னால் அவரை யாரும் பொய்யர் என்பதில்லை. கொத்தனாரும் சித்தாளும் தச்சரும் சேர்ந்து கட்டியது அது என்பது கேட்பவருக்கும் தெரியும். ஆனால் அதே மனிதர், “நானே கட்டினேன்” என்று ஓர் ஏகாரத்தைச் சேர்த்துவிட்டால் பொருள் மாறிவிடுகிறது. இலக்கணம் கற்றோர் இதைப் பிரிநிலை ஏகாரம் என்பர். பிறரை விலக்கிச் செயலை ஒருவரிடம் மட்டும் சேர்க்கின்ற எழுத்து அது. அதைச் சொல்கிறவர் ஒரு சாட்சியம் கூறுகிறார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இந்த ஏகாரத்தைப் பற்றிய ஒரு வழக்கு அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே நெடுநாளாக நடந்து வருகிறது. வழிகாட்டியை அமர்த்தாமல் தாமே திட்டமிட்டு, தாமே தேடி, தாமே சுட்டு, தாமே இறைச்சியைச் சுமந்து வரும் வேட்டையை அவர்கள் ‘டி.ஐ.ஒய்.’ என்று மூன்றெழுத்தில் சுருக்கி அழைக்கிறார்கள். ‘நீயே செய்துகொள்’ என்பது அதன் பொருள். அவ்வாறு செய்து வந்தவர்களுக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. மதிப்பு இருக்கும் இடத்தில் அதற்குப் போட்டியும் உண்டு. ஆகவே, எது உண்மையில் தானே செய்த வேட்டை, எது அல்ல என்ற தகராறும் ஓயாமல் இருக்கிறது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்பது பெரும்பாலும் பழங்கதையாகிவிட்டது. பிறகு இந்த வழக்கு நமக்கு எதற்கு என்று வாசக நேயர்கள் கேட்கலாம். ஒரு செயலில் பல கைகள் படும்போது அது யாருடைய செயல் என்ற கேள்வி வேட்டைக்காரருக்கு மட்டும் உரியதன்று. அதை நம் இமாம்கள் மிக நுணுக்கமாக ஆராய்ந்திருப்பதும், பிற பாடங்களோடு வேட்டைப் பாடத்திலேயே ஆராய்ந்திருப்பதும்தான் நம்மை இதை எழுதத் தூண்டின. (துப்பாக்கிக் குண்டால் வீழ்ந்த பிராணி ஹலாலா என்பது வேறொரு மஸ்அலா. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.)

முதலில் இடத்தைப் பார்ப்போம். இந்த வேட்டைக்குப் பேர்போன நிலம் அலாஸ்கா. 1867இல் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கி, 1959இல் மாநிலமாக்கிய நாடு அது. பரப்பு ஏறத்தாழ 17 லட்சம் சதுர கிலோமீட்டர். சாலைகளோ மிகக் குறைவு. தலைநகரான ஜூனோவுக்கே வெளியிலிருந்து சாலை வழியாகச் செல்ல முடியாது என்றால், உட்காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எனவே, மூஸ் என்னும் மாபெரும் மான்வகையையோ காரிபூ மானையோ தேடிச் செல்பவர் சிறு விமானத்தில் ஏறுகிறார். அகன்ற காற்றுச் சக்கரங்கள் பூட்டிய சூப்பர் கப் என்னும் இருவர் விமானம் ஆற்றின் கூழாங்கல் திட்டில் இறங்கும். மிதவை பூட்டிய பீவர் விமானம் ஏரியில் இறங்கும். விமானி ஆளையும் மூட்டையையும் இறக்கிவிட்டு, இன்ன நாளில் வருகிறேன் என்று கூறிப் பறந்துவிடுவார். அதன் பிறகு அந்த மனிதருக்குத் துணை கூடாரமும் துப்பாக்கியும்தான். மழை வந்தாலும் கரடி வந்தாலும் அவர்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. “விமானி இல்லாவிட்டால் நீ அங்கே போயிருப்பாயா? பிறகு என்ன ‘நானே’?” என்கிறார் ஒருவர். “உன் ஊர்ச் சாலையை நீயா போட்டாய்? உன் துப்பாக்கியை நீயா வார்த்தாய்?” என்று திருப்பிக் கேட்கிறார் மற்றவர். இப்படியே போனால் தன் கையால் இரும்பை உருக்கியவன் மட்டுமே வேட்டைக்காரன் என்றாகும். மறுபக்கம் போனால், பணம் கொடுத்தவன் எல்லாம் வேட்டைக்காரன் என்றாகும். இரண்டுமே அறிவுக்குப் பொருந்தாத முடிவுகள்.

அலாஸ்கா மாநிலத்தின் சட்டம் இதில் ஒரு கோடு கிழித்திருக்கிறது. கொண்டுபோய் விடுபவர் வேறு, வழிகாட்டி வேறு என்று அது பிரிக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி உரிமம் உண்டு. கொண்டுவிடுபவர் ஆளை ஏற்றி இறக்கலாம். தங்க இடம் தரலாம். ஆனால் கூலி பெற்றுக்கொண்டு வேட்டைக்களத்தில் உடனிருந்து விலங்கைத் தேடுவது, தொடர்வது, கொல்ல முயல்வது, இறைச்சியை அறுத்துச் சுமப்பது ஆகியவை வழிகாட்டியின் வேலைகள். அவற்றில் கொண்டுவிடுபவர் கைவைக்கலாகாது. வெளிமாநிலத்தார் பழுப்புக் கரடி, டால் என்னும் வெண்ணிற மலைச்செம்மறி, மலையாடு ஆகிய மூன்றையும் வேட்டையாட வேண்டுமானால், உரிமம் பெற்ற வழிகாட்டியோ அல்லது அலாஸ்காவில் குடியிருக்கும் நெருங்கிய உறவினரோ உடனிருந்தாக வேண்டும். வெளிநாட்டாருக்கோ எல்லாப் பெருவிலங்குக்கும் வழிகாட்டி கட்டாயம். எனவே அந்த மூன்று விலங்குகளைப் பொறுத்தவரை, மைத்துனர் அங்கே குடியிருந்தாலன்றி வெளியூர்க்காரர் ஒருவர் வழிகாட்டியின்றி வேட்டையாடினேன் என்று சொல்லவே இயலாது. மைத்துனர் மலையையும் விலங்கையும் நன்கறிந்தவராக இருந்து, கையைப் பிடித்துக் கூட்டிச் சென்றாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வழிகாட்டியல்லர். ஏனெனில் கூலி வாங்கவில்லை. சட்டம் பார்ப்பது கூலியையும் களத்தில் உடனிருப்பதையும்தான். செயல் யாருடையது என்பதை அளக்க அது ஏற்பட்டதன்று.

அந்த அளவுகோலுக்கு நாம் ஹுதைபிய்யா ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

பெருமானார் (ஸல்) அவர்களுடன் உம்ரா நாடிப் புறப்பட்ட ஸஹாபாக்கள் இஹ்ராம் அணிந்திருந்தார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் மட்டும் இஹ்ராமில் இல்லை. வழியில் ஒரு காட்டுக் கழுதை தென்பட்டது. இஹ்ராமில் இருப்பவர் வேட்டையாடலாகாது; ஆகவே தோழர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டு அபூகதாதா (ரலி) அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். விலங்கு கண்ணில் பட்டது. குதிரையில் ஏறிய அவசரத்தில் சாட்டையையும் ஈட்டியையும் எடுக்கவில்லை. எடுத்துத் தருமாறு கேட்டபோது, இந்தக் காரியத்தில் எதிலும் உதவமாட்டோம் என்று தோழர்கள் மறுத்துவிட்டார்கள். அவர்களே இறங்கி எடுத்துச் சென்று விலங்கை வீழ்த்தினார்கள். சிலர் உண்டார்கள், சிலர் தயங்கினார்கள். செய்தி பெருமானாரிடம் சென்றது. இஹ்ராமில் இருந்தவர்களில் எவரேனும் தாக்கும்படி ஏவினாரா, அல்லது விலங்கைச் சுட்டிக் காட்டினாரா என்று அவர்கள் விசாரித்தார்கள். இல்லை என்று பதில் வந்ததும், எஞ்சிய இறைச்சியை உண்ண அனுமதித்தார்கள்.

இதில் எத்தனை பாடங்கள்! குதிரை யாருடையது, ஈட்டியை வடித்தவர் யார் என்ற விசாரணை இல்லை. ஏவுதலும் சுட்டுதலும் மட்டுமே கேட்கப்பட்டன. தோழர்கள் சாட்டையைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை என்பது அவர்களுடைய பேணுதல். ஆயினும் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைப்பது அந்தச் சிரிப்புதான். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அபூகதாதா (ரலி) அவர்கள் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. அப்படியிருந்தும் அது சுட்டிக் காட்டியதாகக் கணக்கிடப்படவில்லை. கண்ணெதிரே வந்தும் கைக்கு எட்டாத வேட்டையைக் கண்ட வியப்பில் சிரித்தார்களே தவிர, காட்டிக் கொடுக்கும் எண்ணத்தில் அல்ல என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். காரணமாக அமைவது வேறு; காட்டுவது வேறு.

பின்வந்த ஃபுகஹாக்கள் இதிலிருந்து மேலும் நுட்பமான பிரிவுகளை எடுத்தார்கள். எதிரே நிற்கும் விலங்கைக் கையால் காட்டுவதை ‘இஷாரா’ என்றும், கண்ணுக்கு மறைந்திருக்கும் விலங்கின் இடத்தைச் சொல்வதை ‘தலாலா’ என்றும் ஹனஃபீ கிதாபுகள் பிரித்தன. இஹ்ராமில் இருப்பவர் இவற்றில் எதைச் செய்து விலங்கு கொல்லப்பட்டாலும் ஈடு கொடுக்க வேண்டும் என்பது ஹனஃபீ மத்ஹபு. ஆனால் ஒரு நிபந்தனை: காட்டப்பட்டவருக்கு அந்த விலங்கின் இடம் முன்னரே தெரியாதிருக்க வேண்டும். தெரிந்தவனுக்குச் சொன்னது தலாலா ஆகாது. நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபிலோ, காட்டியவர் குற்றவாளி. ஆனால் ஈடு அவர்மீது இல்லை. காட்டியதும் கொன்றதும் ஒன்றாகிவிடாது என்பது இந்தத் தரப்பு. காட்டியதற்கும் கொலையில் பங்கு உண்டு என்பது அந்தத் தரப்பு. எப்படியாயினும், காட்டியவரை அந்தச் செயலுக்குச் சம்பந்தமே இல்லாதவர் என்று எவரும் கூறவில்லை.

கருவியைப் பற்றிய தீர்ப்போ முற்றிலும் வேறு. அடுத்தவர் வலையை அவருக்குத் தெரியாமல் எடுத்துச் சென்று ஒருவன் வேட்டையாடினால், பிடிபட்டது அவனுக்கே உரியது; வலைக்கு வாடகையை அவன் கொடுத்தாக வேண்டும் என்று ஷாஃபியீ நூல்களில் காண்கிறோம். எடுத்தது பாவம்தான். எனினும் வேட்டை வலையின் உடைமையாளருடையது என்று ஆகிவிடவில்லை.

இனி அந்த விமானத்துக்குத் திரும்புவோம். விமானம் ஒரு வாகனம். கூலி கொடுத்தாயிற்று. அபூகதாதாவின் குதிரைக்கும் அதற்கும் இந்த வகையில் வேறுபாடு இல்லை. ஆகவே, விமானத்தில் போனதனாலேயே ‘நானே’ என்னும் சொல் கெட்டுவிடுகிறது என்பாரின் வாதத்தை நாம் ஏற்கவில்லை. ஆனால் விமானிக்குக் கண்கள் இருக்கின்றன. பருவம் முழுதும் அந்தப் பள்ளத்தாக்குகளின் மேல் பறப்பவர் அவர். நேற்று எந்த ஆற்றோரத்தில் மந்தை நின்றது என்பது அவருக்குத் தெரியும். இங்கே இறக்காமல் அங்கே இறக்குகிறேன் என்று அவர் சொல்லும்போது அவர் ஏற்றிச் செல்பவர் மட்டுமல்லர், ‘தலாலா’ செய்தவர். வந்தவருக்குத் தெரியாதிருந்த இடத்தை அவர் தெரிவித்துவிட்டார். ஹனஃபீ இமாம்கள் வைத்த அந்த நிபந்தனை இங்கே அப்படியே பொருந்துகிறது.

அலாஸ்காவின் விதியும் இந்த ஆபத்தை உணர்ந்தே இருக்கிறது. சில விலக்குகள் நீங்கலாக, விமானத்தில் பறந்தவர் மறுநாள் அதிகாலை 3 மணிவரை பெருவிலங்கை வேட்டையாடலாகாது என்பது அங்கே சட்டம். மேலிருந்து பார்த்து, உடனே இறங்கிச் சுடுவதைத் தடுக்கவே இந்த இடைவெளி. ஆளில்லாமல் பறக்கும் டிரோன் கருவியால் விலங்கைத் தேடுவதையும் 2014இல் தடை செய்தார்கள். ஆனால், ஓர் இரவு கழிந்துவிட்டால் முன்தினம் கண்ட காட்சி மனத்திலிருந்து அழிந்துவிடுமா? அழியாது. சட்டம் விலங்குக்கு ஓர் இரவு அவகாசம் கொடுத்தது. வேட்டைக்காரரின் ஏகாரத்துக்கு அது நற்சான்று கொடுக்கவில்லை.

களத்துக்கே வராமல், வீட்டிலிருந்தபடி பணம் பெற்றுக்கொண்டு வரைபடத்தில் இடம் குறித்துக் கொடுக்கும் ஆலோசகர்களும் இக்காலத்தில் இருக்கிறார்கள். களத்தில் உடனிருக்காததால் சட்டப்படி அவர்கள் வழிகாட்டிகள் அல்லர். அவர்களிடம் இடம் வாங்கிச் சென்றவர் தானே செய்த வேட்டை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதை நாம் காண்கிறோம். விமானியைக் குறைசொல்லும் சிலரே இந்தக் குறிப்பைச் சட்டைப்பையில் வைத்திருப்பது வேடிக்கை. மறைந்திருப்பதன் இடத்தைச் சொல்வதற்குச் சொல்பவர் அருகில் நிற்க வேண்டியதில்லை. நம் தீர்ப்பில், விமானம் ஏறிப் போய்த் தானே தேடிக் கண்டவர் இவரைவிட ‘நானே’ என்று சொல்லத் தகுதி உடையவர். இடம் வாங்கியது பாவம் என்று நாம் கூறவில்லை. வாங்கியவர் ‘நான்’ என்று சொல்லலாம். ஏகாரத்தை விட்டுவிட வேண்டும். செய்யாததற்காகப் புகழப்பட விரும்புவோரைப் பற்றி ஆல இம்ரான் அத்தியாயம் எச்சரிப்பதை வாசகர்கள் அறிவார்கள்.

காட்டுபவர் எப்படி மறைந்துபோகிறார் என்பதற்கு அமெரிக்க வரலாற்றிலேயே பெயர்பெற்ற ஒரு சான்று உண்டு. 1902 நவம்பரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பி மாநிலத்தில் கரடி வேட்டைக்குச் சென்றார். வேட்டையை நடத்தியவர் ஹோல்ட் காலியர் என்னும் கறுப்பின மனிதர். அடிமையாகப் பிறந்தவர்; அந்தச் சதுப்புக் காட்டைக் கைரேகைபோல் அறிந்தவர். நாய்களைக் கொண்டு கரடியைத் துரத்தி வளைத்தவர் அவரே. அதிபர் அந்த நேரத்தில் முகாமுக்குத் திரும்பியிருந்தார். கரடி ஒரு நாயைக் கொன்றதும், காலியர் துப்பாக்கிக் கட்டையால் அதை அடித்து, கயிறு வீசி மரத்தில் கட்டிவைத்து, அதிபருக்கு ஆளனுப்பினார். வந்து பார்த்த ரூஸ்வெல்ட், கட்டப்பட்ட விலங்கைச் சுட மறுத்துவிட்டார். அதன் வேதனையை முடித்துவிடுமாறு மட்டும் சொன்னார். பத்திரிகைகள் அவருடைய பெருந்தன்மையைப் பாடின. கேலிச்சித்திரம் வந்தது. குழந்தைகள் இன்றும் கட்டிக்கொண்டு உறங்கும் ‘டெடி’ கரடிப் பொம்மை அவருடைய செல்லப்பெயரால் உண்டானது.

ரூஸ்வெல்ட் சுட மறுத்தது சரியே. பதினைந்தாண்டுகளுக்கு முன், 1887இல், நேர்மையான வேட்டையைப் பேணுவதற்கென்றே ஒரு சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அந்த விசையை அவர் இழுத்திருந்தால் பிறர் செய்து முடித்த வேட்டைக்குத் தம் பெயரைச் சூட்டியவராகியிருப்பார். ஆயினும் அந்தக் காட்டில் அன்று தானே வேட்டையாடியவர் ஒருவர் இருந்தார். பொம்மையில் அவர் பெயர் இல்லை.

இதற்கு மாறான ஒருவரையும் சொல்ல வேண்டும். ரிச்சர்டு புரோனெக் என்பவர் 1968இல், ஐம்பது வயதைக் கடந்த பிறகு, அலாஸ்காவின் இரட்டை ஏரிக்கரையில் தனியாகக் குடியேறினார். மரத்தை வெட்டிக் குடிசை கட்டினார். கதவின் கீலையும் தாழ்ப்பாளையும்கூட மரத்திலேயே செதுக்கினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். தனிவாழ்வுக்கு அமெரிக்கர் காட்டும் முன்மாதிரி அவர். அவருக்குச் சாமான்களும் தபாலும் கொண்டுவந்து இறக்கியவர் பேப் ஆல்ஸ்வொர்த் என்னும் விமானி. குடிசை முடியும்வரை தங்கியது ஒரு நண்பரின் குடிசையில். இவை நமக்கு எப்படித் தெரியும்? அவரே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்ததால்தான். உதவி பெற்றதை மறைக்காததால் அவருடைய தனிமைக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இதுவரை தேடுவதையும் சுடுவதையும் மட்டுமே பேசினோம். ஆனால் அலாஸ்கா வேட்டையில் பாரமான பகுதி சுட்ட பிறகுதான் வருகிறது. நன்கு வளர்ந்த ஆண் மூஸ் 540 முதல் 725 கிலோ வரை எடையிருக்கும். பெரிய விலங்கில் உண்ணத்தக்க இறைச்சி மட்டும் 225 கிலோ அளவுக்குத் தேறும். அதை வீணாக்குவது அங்கே குற்றம். இறைச்சியை மீட்டு முடிக்குமுன் கொம்பை மட்டும் எடுத்துச் செல்லவும் விதி இடம் தருவதில்லை. ஆற்றோரத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே சென்று சுட்டவர், முட்புதரிலும் சேற்றிலும் எத்தனை நடை முதுகில் சுமக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். நம் அறிவுக்கு எட்டியவரை, ‘நானே’ என்பதை உரசிப் பார்க்கும் கல் இதுதான். குறிபார்ப்பது ஒரு நொடி. அந்த உயிரை எடுத்ததற்குப் பதில்சொல்வது அடுத்த மூன்று நாள். பயனின்றி விளையாட்டுக்காக உயிரைக் கொல்வதை மார்க்கம் வெறுக்கிறது. பயன் இருக்கிறது என்று சொன்னவர் அதைச் சுமந்து காட்டத்தான் வேண்டும். கொம்புக்கு ஒருவர், இறைச்சிக்குக் கூலியாள் என்று பிரித்துக்கொண்டவர் வேட்டையில் எந்தப் பாதியைத் தமக்கென வைத்துக்கொண்டார் என்பதைத் தாமே பார்த்துக்கொள்ளட்டும்.

ஒருவர் சார்பில் மற்றொருவர் வேட்டையாட இடம் தரும் விதியும் அங்கே உண்டு. பார்வையற்றோர், உடல் ஊனமுற்றோர், 65 வயதை எட்டியோர் ஆகிய உள்ளூர்வாசிகளுக்காக இன்னொரு உள்ளூர்வாசி சில விலங்குகளை வேட்டையாடிக் கொடுக்கலாம். நம் ஃபிக்ஹில் இது வகாலத். அந்த முதியவர் இறைச்சியை உண்கிறார். நானே சுட்டேன் என்று சொல்வதில்லை. அவருக்கு அது தேவையுமில்லை.

தேவை என்ற சொல் நம்மை வடமேற்கு அலாஸ்காவுக்கு இட்டுச் செல்கிறது. கோபுக் ஆற்றங்கரையில் இனுபியாட் மக்கள் காரிபூவை நம்பி வாழ்கிறார்கள். ஆனியன் போர்ட்டேஜ் என்னும் துறையில் மந்தை ஆற்றைக் கடக்கும்போது வேட்டையாடுவது அவர்களுக்கும் அவர்களுக்கு முன் அங்கே வாழ்ந்தோருக்கும் பல ஆயிரம் ஆண்டு வழக்கம். முன்னே வரும் மான்களைத் தொடாமல் கடக்கவிட வேண்டும் என்பது அவர்களுடைய முதியோர் கற்பித்த ஒழுங்கு. அவை வழி திறந்தால்தான் பின்னே வரும் மந்தை அதே துறையில் இறங்கும். படகில் உறவினர் இருப்பார். இறைச்சி பல வீடுகளுக்குப் போகும். யார் தனியாகச் செய்தது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

அதே நிலத்தில்தான் தானே செய்யும் வேட்டைக்கு வருவோரை விமானங்கள் இறக்குகின்றன. விமான ஓசையும் வழியில் போடப்பட்ட கூடாரங்களும் முன்னணி மான்களைத் திசைதிருப்பிவிடுகின்றன என்பது கிராமத்தாரின் நெடுநாளைய முறையீடு. 2003இல் 4,90,000 ஆக இருந்த மேற்கு ஆர்க்டிக் மந்தை 2023இல் 1,52,000 ஆகக் குறைந்துவிட்டது. இந்தக் குறைவுக்கு வெளியூர் வேட்டைக்காரரே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் குறைந்துபோன மந்தையில் ஒவ்வொரு திசைமாற்றமும் ஒரு வீட்டின் குளிர்காலத்தைத் தொடுகிறது. கிராமப்புறத்தாரின் வாழ்வாதார வேட்டைக்கு ஒன்றிய அரசின் நிலங்களில் 1980ஆம் ஆண்டுச் சட்டம் முன்னுரிமை அளித்திருக்கிறது. அதன் அடிப்படையில் 2016இல் அப்பகுதியின் ஒன்றிய நிலங்களில் காரிபூ வேட்டை ஓராண்டுக்கு வெளியாருக்கு மூடப்பட்டது. பின்னரும் சில பகுதிகளில் அந்தத் தடை வந்தது.

பத்து நாள் தனிமையில் இருந்து, யாரும் இடம் காட்டாமல் தேடி, கடைசித் துண்டு இறைச்சிவரை தம் முதுகில் சுமந்து வந்தவர் ஒருவர் அந்த ஆற்றங்கரையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நானே வேட்டையாடினேன் என்று அவர் சொன்னால் அது உண்மை, மறுப்பதற்கில்லை. கீழ்த்துறையில் படகோடு காத்திருந்து மான் வராமல் திரும்பிய குடும்பத்தார், எங்கள் துறைக்கு வர வேண்டிய மந்தை எங்கே போயிற்று என்று அவரிடம் கேட்டால், அந்த ஏகாரத்தோடு சேர்த்து இந்தக் கேள்வியும் அவர்மீதே வந்து நிற்கும். பிறர் யாரும் இதில் இல்லை என்று முதலில் சொன்னவர் அவர்தாமே.